ஹிமயுகங்களின் சரித்திரம் – 9: வெப்பமண்டலத்தின் சாட்சியம்

ஸ்விட்சர்லாந்தின் பள்ளத்தாக்குகளில் துணையின்றிக் கிடந்த பெரும் பாறைகளைக் கண்டு, ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்தது என்று லூயி அகாஸிஸ் 1837-ஆம் ஆண்டில் பிரகடனம் செய்ததையும், முதலில் பரிகாசத்துக்கு இலக்கான அந்த அபிப்பிராயம் பிறகு அறிஞர் சபைகளில் மெல்ல வேரூன்றியதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அது முழுவதும் குளிர்நாடுகளின் சரித்திரம். சித்திரை வெயிலில் தார் இளகும் திருவள்ளூர் நெடுஞ்சாலைக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் அண்டையில், மண்ணூர்பேட்டையில் வாழும் நமக்கு அந்தப் பனிப்பாளங்களோடு என்ன சம்பந்தம் என்று வாசகர் எவரேனும் கேட்டால், அக்கேள்வியை அநியாயமானது என்று தள்ளிவிட முடியாது.

சம்பந்தம் உண்டு. காற்றிலுள்ள கரியமிலவாயு இருமடங்கானால் பூமியின் சராசரி உஷ்ணம் எத்தனை பாகை உயரும் என்பது நம் காலத்தின் தலையாய வினாக்களுள் ஒன்று. விஞ்ஞானிகள் அதைப் பூமியின் காலநிலை உணர்திறன் என்று குறிப்பிடுகிறார்கள். அதற்கு விடை தேடிப் பழைய ஹிமயுகங்களைக் கிளறியவர்கள், துருவத்துப் பனியின் கனத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தபோதிலும் விடை கைக்கு எட்டாமல் நழுவியதையும், நம்முடையதைப் போன்ற உஷ்ணப் பிரதேசங்கள் அந்நாளில் எவ்வளவு குளிர்ந்தன என்பது தெரிந்த பிறகே வழக்கு முடிவுக்கு வந்ததையும் இந்த அத்தியாயத்தில் சொல்லப் போகிறேன்.

தால்சேரில் கிடைத்த அதிசயம்

தாமஸ் ஓல்டாமின் தலைமையில் கல்கத்தாவில் 1851-ல் உருவான இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறைக்கு, 1855-ஆம் ஆண்டு வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் சகோதரர் இருவர், இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்களாக வந்து சேர்ந்தார்கள். அவர்களை வில்லியம் தியோபால்டு என்பவரோடு ஒரிஸ்ஸாவின் தால்சேர் நிலக்கரிப் பிரதேசத்தை ஆராய அனுப்பினார்கள். கரிப்படுகைக்குக் கீழே அவர்கள் கண்டது, மாவைப் போல் நுண்ணிய பச்சைநிற வண்டலும், அந்த வண்டலுக்குள்ளேயே புதைந்து கிடந்த பெரும் உருண்டைப் பாறைகளுமாகும். இவ்விரண்டும் ஒன்றாகக் கிடப்பது இயற்கைக்கு ஒவ்வாதது. பாறையைப் புரட்டிக் கொண்டுவரும் வேகமுள்ள வெள்ளம் வண்டலை ஓரிடத்தில் படியவிடாது. வண்டல் படியும்படி அடங்கிய நீருக்கோ பாறையை அசைக்கும் பலம் இராது. ஆகவே, அப்பாறைகளைச் சுமந்து வந்தது நீர் அன்று, பனிக்கட்டியே என்று அவர்கள் 1856-ல் எழுதினார்கள்.

கடகரேகைக்கும் தெற்கே, கோடையில் மனிதர் வெளியே தலைகாட்ட அஞ்சும் ஒரு பிரதேசத்தில் பனிக்கட்டி மிதந்தது என்று சொல்லுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அதைப் பலரும் ஐயுற்றதில் வியப்பில்லை. ஆனால் 1872-ல், பென்கங்கை நதிப் பிரதேசத்தில் சாந்தா நகருக்கு அருகே, ஓல்டாமும் ஃபெட்டனும் இன்னொரு சாட்சியைக் கண்டார்கள்: பாறைப்படுகைக்கு அடியிலிருந்த பழைய தரை மழமழவென்று தேய்ந்து, ஒரே திசையில் செல்லும் நீண்ட கீறல்களோடு காட்சியளித்தது. பனிப்பாளம் தன் அடியில் பதிந்த கற்களைக் கொண்டு தரையை உராய்ந்து சென்றாலன்றி அத்தகைய கீறல்கள் விழா. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹிமயுகம் ஒன்றின் கையெழுத்து அது. அந்தக் காலத்தில் இந்தியா தென்துருவத்தை ஒட்டிய ஒரு மகாகண்டத்தின் அங்கமாக இருந்தது என்னும் விளக்கம், கண்டங்கள் நகருகின்றன என்று ஆல்பிரட் வேகனர் 1912-ல் சொன்ன பிறகே கிடைத்தது.

தால்சேர் நமக்கு ஓர் ஆரம்பப் பாடத்தையும் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. பூமிக்குப் பனியுகம் புதிதல்ல என்பது பாடம். ஓரிடத்தில் பனி இருந்ததாலேயே பூமி முழுவதும் எவ்வளவு குளிர்ந்தது என்று கணக்கிட்டுவிட முடியாது, ஏனெனில் அந்த இடமே அப்போது வேறிடத்தில் இருந்திருக்கலாம் என்பது எச்சரிக்கை.

பாறையிலிருந்து பருவமழைக்கு

சகோதரர்களில் இளையவரான ஹென்றியின் வாழ்க்கை தமிழ்நாட்டோடு நெருங்கிப் பிணைந்தது. நீலகிரியின் பாறை அமைப்பைப் பற்றிய முதற்கட்ட ஆராய்ச்சிகளுள் ஒன்று அவருடையது. தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் கடற்படிவங்களை அளந்து வகைப்படுத்தியவரும் அவரே. அதே மனிதர், 1875-ல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். பதவியேற்ற மறு ஆண்டிலேயே பருவமழை பொய்த்து, சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடிற்று. மழை பொய்த்ததற்குக் காரணம் தேடிய ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் வசந்தகாலத்துப் பனி மிகுதியாகப் பெய்து நெடுநாள் உருகாமல் நிற்கும் ஆண்டுகளில், வடமேற்கின் வறண்ட காற்று ஓங்கி இந்தியாவின் மழை குன்றுகிறது என்று ஆராய்ந்து, 1884-ல் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். இளமையில் கற்பாறைகளில் பனியின் சுவடு பார்த்தவர், முதுமையை நெருங்கும்போது, எங்கோ படியும் வெண்பனி எங்கோ உள்ள குடியானவனின் கழனியைக் காயவைக்கக் கூடும் என்று கண்டார்.

பனிக்கும் சீதோஷ்ணத்துக்கும் உள்ள உறவின் உயிர்நிலை இதுவே. வெண்மையான தரை சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் தரை குளிர்கிறது. குளிர்வதால் பனி மேலும் பரவுகிறது. விளைவே காரணமாகி, அக்காரணம் மீண்டும் விளைவை வளர்க்கும் இந்தச் சுழற்சியினால்தான், சிறு தூண்டுதல்கூடப் பூமியில் பெரும் மாறுதலை உண்டாக்குகிறது.

கொசஸ்தலையாற்றங்கரையில்

இதற்கிடையில் நம் ஊருக்கு வெகு அருகிலேயே ஹிமயுகத்தின் இன்னொரு பக்கம் திறந்தது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் செம்மண் சரளைக்கு நடுவே மனிதன் கைபட்ட கல்லாயுதம் ஒன்றை ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்னும் சகாவுடன், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் அத்தகைய ஆயுதங்கள் குவிந்து கிடப்பதைக் கண்டார். மண்ணூர்பேட்டையிலிருந்து திருவள்ளூர் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே சென்று, பூண்டியில் தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிசாலையில் அந்த வகை ஆயுதங்களை எவரும் பார்க்கலாம். உள்ளங்கைக்கு அடங்கும் குவார்ட்ஸைட் கல். ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை பிடிப்பதற்கு ஏதுவாக மழுங்கியும் இருக்கும். இரு பக்கங்களிலும், சில்லு பெயர்ந்த ஒவ்வோர் இடத்திலும் குழிந்த தழும்பு. செம்மண்ணில் கிடந்து ஊறியதால் கல்லின் மேல் படிந்த துருநிறம்.

இக்கற்களை ஹிமயுகத்தோடு முடிச்சிட முயன்றவர்கள் யேல்–கேம்பிரிட்ஜ் யாத்திரைக் குழுவினர். ஹெல்முட் டி டெர்ராவும் டி. டி. பாட்டர்சனும் 1935-ல் காஷ்மீரத்துப் பனிமேடுகளையும் சோன் பள்ளத்தாக்கையும் ஆராய்ந்து, பிறகு சென்னைக்கு வந்து, வி. டி. கிருஷ்ணஸ்வாமியோடு வடமதுரையிலும் அத்திரம்பாக்கத்திலும் கொசஸ்தலையாற்றின் படித்தட்டுகளைப் பரிசோதித்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் நான்கு ஹிமயுகங்கள் நிகழ்ந்தன என்று அந்நாளில் நிலவிய கொள்கையை அளவுகோலாகக் கொண்டு, வடக்கே பனி பெருகிய காலங்களுக்கு ஈடாகத் தெற்கே மழை பெருகிய காலங்கள் இருந்திருக்க வேண்டும் என்று கருதி, ஆற்றின் ஒவ்வொரு படித்தட்டையும் அந்த வரிசையில் பொருத்தப் பார்த்தார்கள். 1939-ல் வெளிவந்த அவர்களுடைய பெருநூல் நெடுங்காலம் பிரமாணமாக விளங்கிற்று.

ஆனால் அளவுகோலே பிழையானது. கடலடி வண்டலில் புதைந்த நுண்ணுயிர்களின் ஓடுகளை ஆராய்ந்த செசாரே எமிலியானி 1955-லும், ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் ஆகிய மூவர் 1976-லும் வெளியிட்ட முடிவுகள், ஹிமயுகங்கள் நான்கு மட்டுமல்ல, அவை பல என்பதையும், பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் நிகழும் மெல்லிய மாறுதல்களே அவற்றின் தாளத்தைத் தீர்மானிக்கின்றன என்பதையும் நிலைநாட்டின. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வு, அங்கே மனிதமுன்னோர் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே குடியிருந்தனர் என்று 2011-ல் காட்டிற்று. அப்படியானால் கொசஸ்தலைப் பள்ளத்தாக்கில் கல்லுடைத்த மரபினர் ஒரு ஹிமயுகத்தை அல்ல, டஜன்கணக்கான ஹிமயுகங்களின் காலத்தைக் கண்டிருக்கிறார்கள். பனி ஒருநாளும் எட்டாத நிலம் அவர்களுடையது. எட்டாத அந்த நிலத்தில் உஷ்ணம் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் ஆற்றுப் படித்தட்டுகளால் சொல்ல இயலவில்லை.

அரீனியஸின் கணக்கு

பிரச்சினையின் வேர் இன்னும் பழையது. ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி ஸ்வாந்தே அரீனியஸ், ஹிமயுகம் எதனால் வந்தது என்ற கேள்விக்கு விடை காணும் பொருட்டே, 1896-ல் காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் பூமியின் உஷ்ணத்தையும் இணைத்து முதல் கணக்கைப் போட்டார். அவ்வாயு அன்றிருந்த அளவில் 0.62 முதல் 0.55 பங்குக்குக் குறைந்தால் நடு அட்சங்களில் ஹிமயுகக் குளிர் உண்டாகும் என்பது அதன் ஒரு முடிவு. இரட்டித்தால் பூமி 5 அல்லது 6 பாகை சூடேறும் என்பது மற்றொரு முடிவு. அந்நாளைய ஹிமயுகக் காற்றைச் சோதிக்க எவருக்கும் வழியிருக்கவில்லை.

வழி பிறந்தது அண்டார்க்டிக்காவில். வாஸ்தோக் நிலையத்தில் துளைத்தெடுத்த பனித்தூணில் சிறைப்பட்டிருந்த காற்றுக் குமிழ்களைச் சோதித்து, 1987-ல் ருஷ்ய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1,60,000 ஆண்டுகளின் காற்றைப் படித்துவிட்டார்கள். பின்னர் வேறொரு தூண் அதை 8 லட்சம் ஆண்டுகளுக்கு நீட்டிற்று. வெம்மையான காலங்களில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 280 பங்கு இருந்த கரியமிலவாயு, ஹிமயுகத்தின் உச்சத்தில் 180, 190 பங்குக்கு இறங்கியிருந்தது. பழைய அளவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அரீனியஸ் ஊகித்த விகிதத்துக்கு வெகு அருகில் உண்மை வந்து நின்றது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம்: உணர்திறனை நேரே இன்றைய பௌதிக விதிகளிலிருந்து கணக்கிட்டால் என்ன? கணக்கிடுகிறார்கள், ஆனால் மேகங்கள் வழிமறிக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் ராமநாதனும் அவருடைய சகாக்களும் துணைக்கோள் அளவைகளைக் கொண்டு 1989-ல் காட்டியபடி, மேகங்கள் உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும் அளவைக் காட்டிலும் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் அளவு மிகுதி. உலகம் சூடேறும்போது இந்த வரவு செலவு எப்பக்கம் சாயும் என்பதைச் சிறு பிழையும் இன்றிச் சொல்லுவது கடினம். அதனாலேயே 1979-ல் சார்னி என்பவரின் தலைமையில் அமெரிக்காவில் கூடிய குழு 1.5 முதல் 4.5 பாகை வரை என்று அகலமான எல்லை வகுத்தது. நாற்பது ஆண்டுகளாகியும் அவ்வெல்லை நகராமல் நின்றது. பூமி தானே ஏற்கெனவே நடத்தி முடித்த பரிசோதனையாகிய ஹிமயுகத்தில், மேகங்கள் உள்ளிட்ட எல்லாம் தம் பங்கைச் செலுத்தியே இருக்கும் அல்லவா?

தராசின் ஒரு தட்டில் தூண்டுதலையும் மறுதட்டில் விளைவையும் வைத்துப் பார்ப்பதே இம்முறை. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசி ஹிமயுகம் உச்சத்தில் இருந்தபோது, கரியமிலவாயுவும் அதைப் போன்ற பிற வாயுக்களும் குறைந்ததனால் பூமி இழந்த உஷ்ணம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 வாட். கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பரவிய பனிப்பாளங்கள் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பியதாலும், காற்றில் பறந்த தூசியாலும் இழந்தது இன்னும் 4, 5 வாட். தூண்டுதல் மொத்தம் 7 அல்லது 8 வாட் எனலாம். கரியமிலவாயு இரட்டிப்பது சுமார் 4 வாட் தூண்டுதலுக்குச் சமானம். ஆகவே பூமி முழுவதும் அந்நாளில் எத்தனை பாகை குளிர்ந்தது என்று தெரிந்துவிட்டால், அதில் ஏறத்தாழப் பாதியே நாம் தேடும் எண்.

வழக்கின் திருப்பம்

இங்கேதான் சர்ச்சை மூண்டது. பூமிப்பரப்பில் சரிபாதி, வடக்கே 30 பாகைக்கும் தெற்கே 30 பாகைக்கும் இடைப்பட்டது. துருவப் பிரதேசங்கள் எவ்வளவு உறைந்தாலும், அந்தப் பாதி குளிராதிருந்தால் உலகச் சராசரி அதிகம் இறங்காது. கிளைமாப் என்னும் சர்வதேச ஆராய்ச்சித் திட்டத்தினர் 1976-லும் 1981-லும் வெளியிட்ட ஹிமயுகக் கடல்களின் படத்தில், வெப்பமண்டலக் கடல்கள் 2 பாகைகூடக் குளிரவில்லை; பசிபிக்கின் சில பாகங்கள் இன்றைவிட வெதுவெதுப்பாகவே காட்டப்பட்டிருந்தன. அது உண்மையானால் பூமி எளிதில் அசையாதது, கரியமிலவாயு குறித்த கவலையும் மிகை என்று வாதிடுவோருக்கு அந்தப் படம் உறுதுணையாயிற்று.

மலைகள் அதற்கு நேர் எதிராகச் சாட்சி சொல்லின. ஆண்டிஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, நியூகினி ஆகிய இடங்களின் உயர்ந்த சிகரங்களில், பனிக்கோடு அந்நாளில் இன்றைவிட ஏறத்தாழ 900, 1,000 மீட்டர் தாழ்ந்திருந்ததற்கு அடையாளங்கள் உண்டு. அதற்கு 5 பாகைக்குக் குறையாத குளிர்ச்சி வேண்டும். நம் நீலகிரியில் பனிப்பாளம் இருந்ததில்லை. ஆயினும் அங்கும் ஹிமயுகம் வேறொரு விதத்தில் எழுதி வைத்திருக்கிறது. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லா முதலிய பள்ளத்தாக்குகளின் சதுப்புகளில், மட்கியும் மட்காத செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்து கரிய சேறாகக் கிடக்கின்றன. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் ராமன் சுகுமார், ஆமதாபாத் பௌதிக ஆய்வுக்கூடத்தின் ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், லக்னோ பீர்பல் சாஹனி நிலையத்தின் ஜி. ராஜகோபாலன் ஆகியோர் அச்சேற்றை ஆழவாரியாக அறுத்தெடுத்து, அதிலுள்ள கரியணுக்களில் கனமானவையும் இலேசானவையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளந்து, 20,000 ஆண்டுகளின் தாவர வரலாற்றை 1993-ல் வெளியிட்டார்கள். மரஞ்செடிகளும் குளிர்நாட்டுப் புல்லும் ஒரு விகிதத்தையும், வறட்சிக்கு அஞ்சாத வெப்பநாட்டுப் புல் வேறொரு விகிதத்தையும் சேற்றில் விட்டுச் செல்வதால், எந்தக் காலத்தில் எது ஓங்கியது என்று படிக்க முடிகிறது. ஹிமயுகத்தின் வறட்சியையும் அது முடிந்தபின் வலுத்த பருவமழையையும் அச்சேறு பதிந்து வைத்திருக்கிறது. கரியமிலவாயு குறைந்த காற்றுங்கூட அந்த வெப்பநாட்டுப் புல்லுக்கே அனுகூலமானது. எனவே வாஸ்தோக்கின் குமிழ்களில் உள்ள செய்தி, வேறு எழுத்தில், நீலகிரியின் சேற்றிலும் இருக்கக் கூடும். சேறு நமக்கு உஷ்ணமானியாகாது. ஆனால் வெப்பமண்டலம் ஹிமயுகத்தில் மாறாமல் இருந்தது என்ற கதையை அது ஏற்கவில்லை.

அண்ணன் வில்லியம் பிளான்ஃபோர்டும் இதே மலையைச் சாட்சிக்கு அழைத்தவரே. காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடெண்ட்ரான் போன்ற இமயமலை இனங்கள், இடையே ஆயிரம் மைல் வெம்மை நிலம் கிடக்க, நீலகிரியின் உச்சியில் எப்படி வாழுகின்றன என்ற புதிருக்கு, ஹிமயுகக் குளிரில் அவை சமவெளி வழியே பரவியிருக்க வேண்டும் என்று அவர் 1901-ல் விடை கூறினார். எல்லா இனங்களுக்கும் அது பொருந்தவில்லை. வரையாடு இமயமலை ஆட்டின் நெருங்கிய உறவன்று என்று மரபணு ஆராய்ச்சி பிற்காலத்தில் தெளிவாக்கிற்று. ஆயினும் தென்னாடும் குளிர்ந்தது என்ற அவருடைய அடிப்படை எண்ணம் பழுதுபடவில்லை.

வழக்கைத் தீர்த்தவை எண்களே. நிலத்தடி நீர் பூமிக்குள் இறங்கும் வேளையில் தன்னுள் கரைத்துக்கொள்ளும் மந்தவாயுக்களின் அளவு அப்போதைய உஷ்ணத்தைப் பொறுத்தது. அதைக் கொண்டு, வெப்ப, மித மண்டலங்களின் தாழ்நிலங்கள் ஹிமயுகத்தில் சராசரி 5.8 பாகை குளிர்ந்திருந்தன என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அறுதியிட்டது. கடல்களின் புதிய அளவைகளும் கிளைமாப் படத்தைத் திருத்தின. ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், ஹிமயுகப் பூமி 5 முதல் 7 பாகை குளிர்ந்திருந்தது என்றும், கரியமிலவாயு இரட்டித்தால் ஏறும் உஷ்ணம் பெரும்பாலும் 2.5 முதல் 4 பாகைக்குள், மிகப் பொருத்தமாக 3 பாகை என்றும் தீர்மானித்தது. நாற்பது ஆண்டு அசையாதிருந்த எல்லை சுருங்கியதற்குக் காரணம் ஹிமயுகம் மட்டுமன்று. ஆனால் ஒன்றரைப் பாகையோடு போய்விடும் என்ற ஆறுதலைப் பறித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

மாறிலி அல்லாத எண்

இந்த மூன்றைக் கல்லில் பொறித்த எண்ணாகக் கொள்ளலாகாது என்பதற்கு, இன்னும் பழைய ஹிமயுகங்கள் சான்று. ஏறக்குறைய 72 கோடி ஆண்டுகளுக்கும் 63 கோடி ஆண்டுகளுக்கும் இடையில் இரு முறை, பூமத்தியரேகையை ஒட்டிய கடலோரங்களில்கூடப் பனிப்பாளம் நின்றது என்று, பாறைகளில் உறைந்துள்ள காந்தத் திசையைக் கொண்டு அறிகிறோம். ஜோசப் கிர்ஷ்விங்க் 1992-லும், நமீபியாவின் பாறைகளை ஆராய்ந்த பால் ஹாஃப்மன் 1998-லும் இதை விளக்கினார்கள். இமயமலை அடிவாரத்தில் சோலன் அருகே பிளைனி என்னும் இடத்தின் பாறையடுக்குகள் அக்காலத்து ஹிமத்தின் இந்தியச் சான்றாகக் கருதப்படுகின்றன. ருஷ்ய விஞ்ஞானி புடீக்கோ 1969-லேயே காட்டியபடி, பனி ஓரளவுக்கு மேல் தாழ்ந்த அட்சங்களுக்கு இறங்கிவிட்டால், வெளிச்சம் திரும்புவதும் குளிர்வதும் ஒன்றையொன்று விரட்டி, பூமி முழுவதும் உறையும் வரை ஓயாது. அந்நிலையில் உணர்திறனுக்கு எல்லையே இல்லை. எரிமலைகள் கக்கிய கரியமிலவாயு லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து பன்மடங்கான பிறகே அந்தச் சிறை உடைந்தது.

ஆகவே பூமியின் உணர்திறன் அது இருக்கும் ஸ்திதியைப் பொறுத்தது. ஹிமயுகத்தில் தெரிந்த எண்ணை வருங்காலத்துக்கு அப்படியே ஏற்ற முடியாது. பனி குறைந்த உலகில் பனியின் பங்கு சிறுக்கும், நீராவியின் பங்கு பெருக்கும். ஆராய்ச்சியாளர்கள் இத்திருத்தங்களையும் கணக்கிட்ட பிறகே மூன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த எண்ணின் கனத்தை உணர ஓர் ஒப்பீடு போதும். 5, 6 பாகை வேறுபாடு கடலை சுமார் 120 மீட்டர் தாழ்த்திற்று. கண்டங்களின் மேல் மைல்கணக்கான கனத்தில் பனியை ஏற்றிற்று. பருவமழையை மெலியச் செய்தது. 3 பாகை என்பது அதில் பாதி. ஹிமயுகத்திலிருந்து பூமி வெளியேற ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆயின. தொழிற்புரட்சிக்கு முன் 280 பங்காயிருந்த கரியமிலவாயுவை நாமோ இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் 420-க்கு மேல் ஏற்றிவிட்டோம். சிறு தூண்டுதலுக்குப் பெரிதாக அசைவது இந்தப் பூமியின் சுபாவம் என்று ஹிமயுகங்கள் ஒருமுகமாகச் சாட்சி சொல்லியிருக்க, சிறிதல்லாத தூண்டுதலைக் கொடுத்துவிட்டு அது அசையாது என்று நம்பியிருக்க நமக்கு ஆதாரம் ஒன்றுமில்லை.

ஹிமயுகத்தில் தாழ்ந்த அந்தக் கடல், சென்னையின் கரையைப் பல மைல் கிழக்கே தள்ளி, பாக் நீரிணையைத் தரையாக்கி, தமிழகத்தையும் இலங்கையையும் ஒரே நிலமாக இணைத்த வரலாற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)